நம்பர் நம்மோடு வரட்டும்

சிக்னல் கிடைக்காத வீட்டில் ஜன்னலோரமாகவும் மாடிப்படியிலும் நின்று பேசியே வருடக்கணக்கில் காலம் தள்ளுகிறவர்களை எனக்குத் தெரியும். பில்லில் புரியாத தொகை ஏறிக்கொண்டே இருக்கும். கஸ்டமர் கேரில் யாரும் சரியாகப் பதில் சொல்லமாட்டார்கள். அப்படியும் அதே கம்பெனியில்தான் இருப்பார்கள். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "இந்த நம்பர் எல்லார்கிட்டயும் இருக்கே" என்பார்கள். கட்டணம், ஒப்பந்தம், அலைச்சல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். நம்பர் போய்விடும் என்ற பயம்தான் முதலில் நிற்கிறது.

பல நாடுகளில் அந்தப் பயத்துக்கு இன்று அவசியமே இல்லை. கம்பெனியை மாற்றினாலும் எண்ணைக் கையோடு கொண்டுபோவது சட்டப்படி நமக்குள்ள உரிமை. அந்த உரிமை தானாக வந்ததில்லை, அதைத் தள்ளிப்போடப் பெரிய நிறுவனங்கள் கோர்ட்டு வரை போயிருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. எண் எப்படி நகர்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்பது இன்னும் குறைவானவர்களுக்கே தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தொலைபேசி வந்த புதிதில் எண்ணே கிடையாது. ஊரின் தொலைபேசி வயர்களெல்லாம் வந்து சேரும் இணைப்பகத்தில் இருக்கும் ஆபரேட்டரிடம் பெயரைச் சொன்னால் போதும். யாருடைய வயர் எந்தத் துளையில் என்பது அவருக்கு மனப்பாடம். 1879இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லோவல் நகரில் தட்டம்மை பரவியது. மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற மருத்துவருக்கு ஒரு கவலை வந்தது. ஊரில் இருந்த நான்கு ஆபரேட்டர்களும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால் என்ன செய்வது? புதிதாக வந்து உட்காருகிறவருக்கு யார் எந்தத் துளை என்று எப்படித் தெரியும்? சந்தாதாரர்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் கொடுத்துவிடலாம் என்று அவர் யோசனை சொன்னார். தொலைபேசி எண் பிறந்த கதையாக இதைத்தான் சொல்வார்கள்.

அடுத்து வந்தவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். கான்சஸ் சிட்டியில் இறுதிச்சடங்கு ஏற்பாடுகள் செய்து கொடுக்கும் தொழில் நடத்தியவர். ஆபரேட்டரே தேவைப்படாத தானியங்கி சுவிட்சுக்கு 1891இல் காப்புரிமை வாங்கினார். மறு வருடம் இண்டியானாவின் லா போர்ட் நகரில் அந்த வகை இணைப்பகம் ஓட ஆரம்பித்தது. அதில் நாம் அனுப்பும் ஒவ்வொரு இலக்கமும் சுவிட்சின் ஒரு கையை அத்தனை படி நகர்த்தும். கடைசி இலக்கம் முடியும்போது அந்தக் கை ஒரு குறிப்பிட்ட வயரில் போய் நிற்கும்.

இங்கேதான் எண்ணின் தன்மையே மாறியது. பார்க்கர் சொன்னபோது ஆளை அடையாளம் காட்டும் குறியாக இருந்த எண், ஸ்ட்ரோஜருக்குப் பிறகு அந்த ஆளின் வீட்டுக்குப் போகும் வழியாகவே ஆகிவிட்டது. முதல் சில இலக்கங்கள் எந்த இணைப்பகம் என்று சொல்லும், மீதி எந்த வயர் என்று சொல்லும். வேறு கம்பெனியின் இணைப்பகத்துக்குப் போனால் அந்தப் பழைய எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நம்பர் போய்விடும் என்ற பயம் அந்தக் காலத்தில் முழு நியாயமானது.

பிறகு இணைப்பகங்களுக்குள் கம்ப்யூட்டர் வந்தது. எண்ணைப் பார்த்து வழியை முடிவு செய்வது வயரின் வேலையாக இல்லாமல் மென்பொருளின் வேலையாகிவிட்டது. எண்ணைக் கட்டிப்போட்டிருந்த தொழில்நுட்பக் காரணம் அதோடு கிட்டத்தட்ட தீர்ந்தது. வியாபாரக் காரணம் மட்டும் அப்படியே இருந்தது. எண் போய்விடும் என்றால் வாடிக்கையாளர் எங்கும் போகமாட்டார். அது எந்த நிறுவனத்துக்குத்தான் கசக்கும்?

அமெரிக்காவில் முதலில் விடுதலை கிடைத்தது அழைப்பவருக்குச் செலவில்லாத 800 எண்களுக்குத்தான். விளம்பரங்களிலும் அட்டைப்பெட்டிகளிலும் அச்சாகிவிட்ட எண்ணை ஒரு வியாபாரி விடமுடியாது. கம்பெனிகள் அதைக் கொண்டே அவரைக் கட்டிவைத்திருந்தன. 1993 மே மாதம் முதல் அந்த எண்களை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்று ஆனது. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் சாதாரண லேண்ட்லைன் எண்களுக்கும் இதைக் கடமையாக்கியது. மொபைலுக்கு 1999 ஜூனுக்குள் வரவேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கெடு வைத்தது. அது 2002க்குப் போனது, அப்புறம் 2003க்குப் போனது. கூடாது என்று நிறுவனங்கள் வழக்குப் போட்டன, தோற்றன. கடைசியில் 2003 நவம்பர் 24ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. நான்கு வருடத்துக்கு மேல் தாமதம். அந்த நான்கு வருடமும் எத்தனை பேர் பிடிக்காத கம்பெனிக்கு நம்பருக்காகவே மாதாமாதம் பணம் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

மொபைல் எண்ணில் முதலில் இறங்கியது சிங்கப்பூர், 1997இல். ஆனால் அது அழைப்பைத் திருப்பிவிடும் முறையில் நடந்தது. எண் முழுமையாகவே நகரும் முறை அங்கே 2008 ஜூனில்தான் வந்தது. பிரிட்டனும் ஹாங்காங்கும் 1999இல் ஆரம்பித்தன, ஆஸ்திரேலியா 2001இல், ஜப்பான் 2006இல். இந்தியாவில் பலமுறை தள்ளிப்போய், 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க வந்தது. அப்போதும் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (ஏறக்குறைய ஒரு மாநில அளவுள்ள பகுதி) மட்டும்தான் கம்பெனி மாறமுடியும். வட்டம் தாண்டினாலும் அதே எண் என்பதற்கு 2015 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, எண் எப்படி நகர்கிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சிம் கார்டுக்குள் நம் நம்பர் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நெட்வொர்க் நம்மை அடையாளம் காண்பது சிம்மில் இருக்கும் வேறொரு எண்ணைக் கொண்டு. அது 15 இலக்கம் வரை இருக்கும். முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும், அடுத்த இரண்டோ மூன்றோ நெட்வொர்க்கைச் சொல்லும். அதை நாம் யாருக்கும் கொடுப்பதில்லை, பார்ப்பதும் இல்லை. ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கும் நம்பர், கம்பெனியின் பதிவேட்டில் அந்தச் சிம் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். போர்ட் செய்யும்போது, அதாவது நம்பரோடு கம்பெனி மாறும்போது, புது கம்பெனி தன் சிம் ஒன்றைக் கொடுத்து, தன் பதிவேட்டில் அதன் பக்கத்தில் நம் பழைய நம்பரை எழுதிக்கொள்கிறது. பழைய கம்பெனி தன் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுகிறது. சிம் போனாலும் நம்பர் போகாததற்குக் காரணம் இதுதான்.

இது பாதிக் கதை. மற்ற எல்லா நெட்வொர்க்குகளுக்கும் இந்த மாற்றம் தெரியவேண்டுமே? உங்கள் நம்பரின் ஆரம்ப இலக்கங்களைப் பார்த்தால் அது இன்னமும் பழைய கம்பெனிக்கு ஒதுக்கப்பட்ட வரிசைதான். உங்களைக் கூப்பிடும் ஆளின் நெட்வொர்க் அதை நம்பிப் போனால் தவறான வாசலில்தான் நிற்கும்.

இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், அழைப்பு முதலில் பழைய கம்பெனிக்கே போகும். அது தன் பட்டியலைப் பார்த்து, இந்த எண் இப்போது அங்கே இருக்கிறது என்று தள்ளிவிடும். வீடு மாறியவருக்கு வந்த கடிதத்தைப் பழைய தெருவின் தபால்காரர் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவதுபோல. பிரிட்டன் வெகுகாலம் இப்படித்தான் ஓட்டியது. இதில் இருக்கும் பலவீனம் யோசித்தாலே புரியும். நாம் விட்டுவந்த கம்பெனியின் தயவில்தான் ஒவ்வொரு அழைப்பும் வருகிறது. அங்கே கோளாறு என்றால் நமக்கும் கோளாறு. அது மூடிவிட்டால் நம் நிலைமை என்ன?

இன்னொரு வழியில், அழைப்பு கிளம்பும் இடத்திலேயே விசாரித்துவிடுவார்கள். போர்ட் ஆன எண்களுக்கெல்லாம் ஒரு மையத் தரவுத்தளம் இருக்கும். அதன் நகலை ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன்னிடம் வைத்திருக்கும். நீங்கள் டயல் செய்ததும், மணி அடிப்பதற்கு முன்னால், இந்த எண் எங்கே இருக்கிறது என்று அந்தப் பட்டியலில் கேட்கப்படும். பதிலாக ஒரு வழிகாட்டி எண் வரும். அழைப்பு அதைப் பிடித்துக்கொண்டு நேராகப் புது கம்பெனிக்குப் போகும். பழைய கம்பெனிக்கு இதில் வேலையே இல்லை. அமெரிக்காவில் இப்படித்தான், இந்தியாவிலும் இப்படித்தான். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இவ்வளவும் நடந்து முடிகிறது. வீட்டுக்குப் போகும் வழியாக ஸ்ட்ரோஜர் மாற்றிய எண்ணை இந்தப் பட்டியல் மறுபடியும் ஆளின் அடையாளமாக மாற்றிக் கொடுத்துவிட்டது. தொலைத்தொடர்பில் எத்தனையோ பெரிய விஷயங்கள் நடந்திருக்கின்றன. சத்தமே இல்லாமல் சாதாரண ஆளுக்குக் கிடைத்த இதை நான் அவற்றின் வரிசையில்தான் வைப்பேன்.

போர்ட் செய்த அன்று சிலருக்கு விசித்திரமாக ஒன்று நடக்கும். அவர்கள் எல்லோரையும் கூப்பிட முடியும், ஆனால் சில பேர் கூப்பிட்டால் வராது. ஒருவரின் அழைப்பு வரும், அதே அறையில் இருக்கும் இன்னொருவரின் அழைப்பு வராது. எல்லா நெட்வொர்க்கின் நகலும் ஒரே நொடியில் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதுதான் காரணம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் சேவைகளின் பட்டியல் சிலசமயம் இன்னும் பின்தங்கியிருக்கும், ஓடிபி வராமல் போவது அதனால்தான். முக்கியமான பணப் பரிமாற்றம் இருக்கும் நாளிலோ பயணம் கிளம்பும் நாளிலோ போர்ட் செய்யவேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

என் அம்மாவுக்கு இதைப் புரியவைத்தது ஒரு தனிக் கதை. அவர் வைத்திருந்த கம்பெனியின் சிக்னல் அவர் அறைக்குள் வராது. கூப்பிட்டால் பாதி நேரம் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றுதான் கேட்கும். வயதானவரை எட்ட முடியவில்லை என்றால் மனசு என்ன பாடுபடும் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மாற்றிவிடலாம் என்றால் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

"வேண்டாம்டா. நம்பர் மாறிடும். சித்தி கூப்பிட்டா யாரு எடுப்பா?"

"மாறாதும்மா. அதே நம்பர்தான். சிம் மட்டும்தான் புதுசு."

"அதே நம்பர்னா அதே கம்பெனிதானே?"

அந்தக் கேள்வியில் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. எண்ணும் கம்பெனியும் ஒன்று என்றுதான் அவர் தலைமுறை கற்றது. ஆரம்ப இலக்கங்களைப் பார்த்தே இது எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவார்கள். நான் பட்டியல், தரவுத்தளம் என்றெல்லாம் ஆரம்பித்தது எடுபடவில்லை. அவருடைய தோழி ஒருவர் ஏற்கெனவே மாற்றியிருந்தார். "அக்காவோட நம்பர் மாறிச்சா? நீங்க அதே நம்பருக்குத்தானே பேசறீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ மாத்தினதே எனக்குத் தெரியாதே" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் விளக்கம் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது. கூப்பிடுகிறவருக்குத் தெரியவே கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கமே.

அம்மாவுக்கு மாற்றிக்கொடுத்ததிலிருந்து உறவில் நிறையப் பேர் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலாவதும் முக்கியமானதும் இதுதான்: பழைய இணைப்பை நீங்களாகப் போய் ரத்து செய்யாதீர்கள். கம்பெனியை மாற்றுவது என்றால் ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றை ஆரம்பிப்பதுதானே என்று மனசு சொல்லும். எண் உயிரோடு இருந்தால்தான் அதை நகர்த்த முடியும். ரத்து செய்தால் எண் கம்பெனியிடமே திரும்பிவிடும், அப்புறம் இழுத்துவர எதுவும் இருக்காது. புது கம்பெனியிடம் போய்ப் போர்ட் கேட்கவேண்டும். எண் அங்கே போனதும் பழைய இணைப்பு தானாக முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018 தொலைத்தொடர்புச் சட்டத்தொகுப்பு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் குறைந்தது ஒரு மாதத்துக்கு எண்ணைக் கொண்டுபோகும் உரிமை உண்டு என்கிறது. மனிதர்கள் இந்த இடத்தில் இடறுவார்கள் என்று தெரிந்து எழுதிய விதி அது. எல்லா நாட்டிலும் இருக்கவேண்டிய விதி.

இரண்டாவது, பெயர். போர்ட் நிராகரிக்கப்படுவதற்கு மிகச் சாதாரணமான காரணம், பழைய கம்பெனியின் பதிவில் உள்ள விவரமும் புதிதாகக் கொடுக்கும் விவரமும் ஒத்துப்போகாததுதான். பல குடும்பங்களில் ஒருவர் பயன்படுத்தும் சிம் இன்னொருவர் பெயரில் இருக்கும். அப்பா காலத்தில் வாங்கிய எண் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதைப் போர்ட் செய்வதற்கு முன்னால் சரிசெய்யவேண்டும். உண்மையில் போர்ட் செய்யும் எண்ணமே இல்லாவிட்டாலும் சரிசெய்து வைப்பது நல்லது. எண் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சட்டப்படி அதன் மேல் பேச்சு.

பாக்கித்தொகை இருந்தால் பல இடங்களில் விடமாட்டார்கள், அதனால் போஸ்ட்பெய்ட் வைத்திருப்பவர்கள் கடைசி பில்லைக் கட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. ப்ரீபெய்டில் மீதியிருக்கும் பணம் பொதுவாகக் கூட வராது. போன் பழைய கம்பெனிக்கே பூட்டப்பட்ட கருவியா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் போன்றவை எண்ணோடு கட்டப்பட்டவை, எண் மாறாதவரை அவை பாட்டுக்கு ஓடும்.

அப்புறம் போர்ட் குறியீடு. பல நாடுகளில் பழைய கம்பெனி தரும் ஒரு குறியீட்டு எண்ணோ கடவு எண்ணோ இருந்தால்தான் புது கம்பெனி எண்ணை இழுக்கமுடியும். இந்தியாவில் அதை யுபிசி என்கிறார்கள். எட்டு எழுத்து, 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் வரும், பெரும்பாலான வட்டங்களில் நான்கு நாள்தான் செல்லும். பிரிட்டனில் அதற்குப் பெயர் பேக் (PAC), முப்பது நாள் செல்லும். முன்பெல்லாம் பிரிட்டனில் அதை வாங்கப் பழைய கம்பெனியோடு பேசித்தான் ஆகவேண்டும் என்ற நிலை இருந்தது. பேசினால் விடுவார்களா? ஏன் போகிறீர்கள், என்ன குறை, இந்த ஆஃபர் தருகிறோம் என்று இழுத்தடிப்பார்கள். 2019 ஜூலையிலிருந்து 65075க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும், குறியீடு வந்துவிடும் என்று அங்கே மாற்றினார்கள். விலகிப்போகும் உரிமை என்றால், யாரிடமும் காரணம் சொல்லாமல் விலகும் உரிமையும் அதில் சேர்த்திதான்.

அந்த ஆஃபர்களைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்கில் ஒழுங்காகப் பணம் கட்டியவருக்குத் தராத சலுகையை, போகிறேன் என்று சொன்ன மறுநாள் போன் போட்டுத் தருகிறார்கள். அது இவ்வளவு நாளும் தரமுடிந்த விலைதான், தரவில்லை. எனக்கு அதில் அவமானம்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஆஃபர் வருவதற்கே காரணம் நம்மால் எண்ணோடு வெளியே போகமுடியும் என்பதுதான். போர்ட் செய்யாதவர்களுக்கும் விலை குறைவது இந்த வாசல் திறந்திருப்பதால்தான்.

வாசல் திறந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்று தமிழ்நாடு 2018 பிப்ரவரியில் பார்த்தது. ஏர்செல் நெட்வொர்க் பெருமளவில் முடங்கியது. லட்சக்கணக்கானவர்கள் வேறு கம்பெனிக்குப் போகவேண்டிய கட்டாயம். போர்ட் குறியீடு வேண்டுமென்றால் அந்த எண்ணிலிருந்தே எஸ்எம்எஸ் அனுப்பவேண்டும். அனுப்ப நெட்வொர்க் இல்லை. அலுவலகங்களின் முன்னால் கூட்டம் கூடியது. ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டுத்தான் எண்களைக் காப்பாற்றவேண்டியிருந்தது. சில நாள்களில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஒரு உரிமையைச் செயல்படுத்தும் வழி, நாம் விட்டு ஓடும் நிறுவனத்தின் கையிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நெட்வொர்க் படுத்தாலும் குறியீடு கிடைக்கும் மாற்று வழி முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும்.

லேண்ட்லைன் எண்ணையும் பல நாடுகளில் எடுத்துப்போகலாம். அது ஊரோடு கட்டப்பட்டது என்பதால் பெரும்பாலும் அந்த வட்டாரத்துக்குள்தான். ஒரே எச்சரிக்கை: அதே கம்பியில் பிராட்பேண்டும் வந்துகொண்டிருந்தால், எண்ணை நகர்த்தும்போது இணைய இணைப்பும் கூடவே அறுந்துபோகலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இணையம் வழியாகப் பேசும் சேவைக்கு எண்ணை மாற்றினால், அவசர உதவிக்கு அழைக்கும்போது எந்த முகவரி போகும் என்பதையும் பதிந்துவையுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நமக்காகத் திறந்த வாசலைப் பற்றி. அதே வாசல் வழியாகத் திருடனும் நுழைகிறான் என்பதையும் சொல்லியாகவேண்டும். முன்பு எண் திருடுபோனால் யாருக்கு என்ன லாபம்? இன்று வங்கி, மின்னஞ்சல், அரசுச் சேவை எல்லாமே அந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்புகின்றன. எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டவன் கையில் எல்லாச் சாவியும் இருக்கிறது. ஒரு வகையில், நம் பெயரில் மாற்று சிம் வாங்கிவிடுவார்கள். இன்னொரு வகையில், நமக்கே தெரியாமல் வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்துவிடுவார்கள். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டார்சியின் சொந்தக் கணக்கையே அவருடைய எண்ணைக் கைப்பற்றித்தான் பிடித்தார்கள். அந்த நிறுவனத்தின் தலைவருக்கே அந்த நிலை.

ஓடிபியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவது பலவீனமானது என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017லேயே தன் வழிகாட்டுதலில் எச்சரித்திருந்தது. ஆஸ்திரேலியா 2020இல், போர்ட் செய்வதற்கு முன்னால் கேட்பவர் அந்த எண்ணுக்குரியவர்தானா என்று கூடுதலாகச் சரிபார்த்தாகவேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் 2024 ஜூலை முதல், சிம்மை மாற்றி ஏழு நாள் ஆகும்வரை போர்ட் குறியீடு தரக்கூடாது. மாற்று சிம் வாங்கி, கையோடு வேறு கம்பெனிக்குக் கொண்டு ஓடும் திருட்டைத் தடுப்பதற்காக. உண்மையாகவே சிம் தொலைத்துவிட்டு உடனே கம்பெனி மாற்ற நினைப்பவருக்கு இது ஒரு வாரத் தொந்தரவுதான். நான் அந்தத் தொந்தரவை ஏற்றுக்கொள்வேன். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் வாசலையே மெல்ல மெல்ல அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலை. ஒவ்வொரு புதுத் தடையும் யாருக்கு வசதி என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

நம் பங்குக்குச் செய்யக்கூடியவை எளிமையானவை. போர்ட் குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள், நீங்களே போய்ச் சேரும் புது கம்பெனிக்குத் தவிர. நீங்கள் கேட்காமலே போர்ட் பற்றி எஸ்எம்எஸ் வந்தாலோ, எல்லோருக்கும் டவர் இருக்கும்போது உங்கள் போனில் மட்டும் சேவை திடீரென்று அறுந்துபோனாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வேறு போனிலிருந்து உடனே கம்பெனியையும் வங்கியையும் கூப்பிடுங்கள். முடிந்த கணக்குகளில் எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலாகச் செயலியில் வரும் குறியீட்டுக்கு மாறிவிடுங்கள். முக்கியமாக மின்னஞ்சலில், ஏனென்றால் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதங்கள் அங்கேதான் வருகின்றன.

எண் நம்முடையது என்று இவ்வளவு நேரம் பேசினேன். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. சர்வதேச அளவில் எண் அமைப்பை ஐக்கிய நாடுகளின் கீழ் இயங்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியு) வகுக்கிறது. நாட்டுக் குறியீடு உட்பட 15 இலக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அவர்கள் விதி. அதற்குள் ஒவ்வொரு அரசும் எண் வரிசைகளைக் கம்பெனிகளுக்கு ஒதுக்குகிறது, கம்பெனி நமக்குப் பயன்படுத்தக் கொடுக்கிறது. நாம் எண்ணைக் கொண்டு எத்தனை கம்பெனி மாறினாலும், கடைசியில் விட்டுவிட்டால் அது வழக்கமாக முதலில் எந்தக் கம்பெனியின் வரிசையில் இருந்ததோ அங்கேயே திரும்பிப்போகும். பிறகு இன்னொருவருக்குப் போகும்.

எண்ணை விட்டுவிட நினைப்பவர்கள் யோசிக்கவேண்டிய இடம் அதுதான். 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவின் இரண்டு பெரிய கம்பெனிகள் புதியவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 171 எண்கள் பிரபலமான இணையதளங்களில் ஏற்கெனவே உள்ள கணக்குகளோடு இன்னும் பிணைந்திருந்தன. முன்பு வைத்திருந்தவர் எண்ணை விட்டார், கணக்கிலிருந்து எடுக்கவில்லை. அதை வாங்கப்போகும் புது ஆள் நல்லவராக இருந்தால் சரி.

அதனால் இரண்டு எண் வைத்திருந்து ஒன்றை விடப்போகிறீர்கள் என்றால், ரீசார்ஜ் செய்யாமல் அப்படியே விட்டுவிடாதீர்கள். எந்தெந்த வங்கி, மின்னஞ்சல், அரசுச் சேவை, செயலி அந்த எண்ணைப் பிடித்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் புது எண்ணைச் சேர்த்துவிடுங்கள். புது எண்ணுக்கு ஓடிபி வருகிறதா என்று பாருங்கள். பழையதை நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் எண் மாற்றும் வசதியைப் பயன்படுத்திக் கணக்கை நகர்த்துங்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காப்பீடு, வரிக்கணக்கு போன்றவைதான் மறந்துபோகும், அவற்றை முதலில் எழுதுங்கள். அதெல்லாம் முடிந்த பிறகும் ஓரிரு மாதம் பழைய சிம்மை உயிரோடு வைத்து, ஏதாவது செய்தி வருகிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள்.